முதல் வண்டி

கண்ணாடிய எறக்கிக்கோங்க சார். எறக்குனா புழுதி, ஏத்துனா வேக்காடு, எது வேணுமோ நீங்களே பாத்துக்கோங்க. நான் இஞ்சின நிப்பாட்டீட்டனுங்க. இனி இது நகர்றதுக்கு முக்கா மணி நேரம் ஆகும். முன்னால ஒருத்தன் சிவப்புக் கொடி புடிச்சுட்டு நிக்கறானில்ல, இன்னிக்கு நமக்கெல்லாம் அவன்தான் கலெக்டரு. அக்கட்டால ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொருத்தன் நிக்கறான். ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டு, அந்தப் பக்கத்த நிறுத்தி இந்தப் பக்கம் உடோணும், இந்தப் பக்கத்த நிறுத்தி அந்தப் பக்கம் உடோணும். அதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதானுங்க. போன வாரம் அங்க இருக்கறவன் போன்ல சார்ஜ் தீந்துபோச்சு. இவன் கூப்புட்டுப் பாத்தான், எடுக்கலை. எடுக்கலீன்னா சரின்னு அர்த்தம்னு பச்சைக் கொடியக் காட்டீட்டான். அவனும் அதேதான் நெனச்சான். நடுவால ரெண்டு லாரி மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுச்சு. எவனாச்சும் ஒருத்தன் பின்னால எடுப்பானாங்கறீங்க? மாட்டான். கௌரவம். மத்தியானச் சோத்தையே ரெண்டு பேரும் லாரிக்கு அடியில உக்காந்து தின்னுட்டுத்தான் எந்திரிச்சானுங்க.

டேய்! எங்கடா உடறே? பாத்தீங்களா சார், டிவிஎஸ்ஸுல கேஸ் சிலிண்டர் ரெண்டு, பொறகால சம்சாரம், சம்சாரத்து மடியில ஒரு கொழந்தை. ராங் சைடுல போறான். கேட்டா அவசரம்பான். மூணு நிமிசம் மிச்சம் புடிச்சு அங்க போயி என்னத்தப் பண்ணுவான்? வாசல்ல உக்காந்து பீடி குடிப்பான். இந்த சனத்துக்கெல்லாம் எட்டு வழி ரோடு போட்டாலும் அதுலயும் எதுத்தாப்புலதான் வருவானுங்க.

பழனிதான, போயிச் சேந்துருவமுங்க. மலை எங்கயும் ஓடிப் போயிராது. இன்னும் முன்னால ஒரு எடம் வரும், நூல்மில்லுக்கிட்ட. அங்க நானும் கொஞ்சம் ராங்குலதான் போவேன். பயந்துக்காதீங்க. நான் போறது வேற. முப்பத்தோரு வருசமா ஓட்டறேன், நான் தெரிஞ்சு போறேன். இவனுங்க தெரியாம போறானுங்க. வித்தியாசம் இருக்குதில்லீங்களா.

இந்த ரோட்டுக்கு ஆறு வருசமாச்சுங்க. ஆறு வருசம்! பூசை போட்டப்போ மேடை கட்டி, மைக்கு வெச்சு, ரெண்டு வருசத்துல முடிச்சுருவோம்னு சொன்னாங்க. ரெண்டு பக்கமும் புளியமரத்த அறுத்தாங்க, அதுல மட்டும் ஒரு நாள் லேட் ஆகலை. அப்புறம் மரமும் இல்ல, ரோடும் இல்ல. வழி நெடுக போர்டு மட்டும் நட்டு வெச்சிருக்கறாங்க. அதா, மம்பட்டி புடிச்சு ஒருத்தன் குனிஞ்சு நிக்கறானே படத்துல? ஆறு வருசமா இந்த ரோட்டுல நிக்காம வேலை செய்யறவன் அவன் ஒருத்தன்தானுங்க. அவனும் துருப்புடிச்சுப் போயிட்டான். மாற்றுப் பாதைன்னு அம்பு போட்டிருப்பாங்க, அந்த அம்பப் புடிச்சுப் போனீங்கன்னா ஒரு தோட்டத்துக் கெணத்து மேட்டுல கொண்டுபோயி உடும். போன ஐப்பசியில ஒரு கல்யாண வேன் அப்புடித்தான் போயி நின்னுச்சு. தோட்டத்துக்காரன் வந்து, மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடான்னு கேட்டிருக்கறான்.

சிரிக்கறீங்க. நான் தெனமும் ஓட்டறேன், எனக்கு எப்புடிச் சிரிப்பு வரும்?

எனக்கென்ன இந்த ரோட்டு மேல இத்தன கோவம்னு கேக்கலாம். எல்லாருக்கும் இடுப்பு வலி, எல்லாருக்கும் டயர் தேயுது, அதெல்லாம் பொது. எனக்கு வேற. எம்புள்ள கோகிலவாணி கடைசியா வீட்டுக்கு வந்து பதினாலு மாசமாச்சுங்க. பேத்திக்கு மூணு வயசு. மூணுல காது குத்தோணும், தவறுனா அஞ்சுலதான். தை மாசம் கடைசி வெள்ளிக்கெழமை, எங்க குலதெய்வம் கோயில்ல, எம்பையன் மடியில உக்கார வெச்சு. தாய்மாமன் மடியில்லீங்களா, அதுதான மொற. எல்லாம் பேசி வெச்சது. அதுக்கு அவங்க வரோணும். வர்றதுக்கு இந்த ரோடு முடியோணும். ரோடு முடியறதுக்கும் புள்ள வர்றதுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறீங்க. இருக்குதுங்க. என்ற மாப்பிள்ளை அப்புடிச் சொல்லீட்டாரு. அந்த நாப்பது மீட்டர் முடியட்டும் மாமா, அப்புறம் வர்றேன்னு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசற ஆளில்ல அவரு.

எந்த நாப்பது மீட்டரா? உங்க பக்கத்துக் கண்ணாடி வழியா பாருங்க. தடுப்புக்கு அந்தாண்ட. சிமெண்டு ரோடு அங்கிருந்து அழகா வந்துட்டே இருக்குதா, இங்க வந்ததும் ஒண்ணுமில்ல, வெறும் ஜல்லி. அப்புறம் மறுபடியும் ரோடு. பல்லு விழுந்த வாயாட்டம். அந்தப் பொக்கை இருக்கறதனாலதான் இத்தன வண்டியும் இந்தச் சந்துக்குள்ள பூந்து சாவுது. ஏன் அது மட்டும் அப்புடி இருக்குதுன்னு என்ற வண்டியில ஏறுற எல்லாரும் கேப்பாங்க. நானும் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லுவேன். கட்சிக்காரன் ஏறுனா எதுர்க்கட்சி மேல போடுவேன். வாத்தியார் ஏறுனா, கமிசன் சார், எல்லாம் கமிசன்னு சொல்லுவேன். சாமியாரு ஏறுனா, பாதைக்குள்ள ஒரு நாக புத்து இருந்துச்சுன்னுகூடச் சொல்லியிருக்கறேன்.

நீங்க மெட்ராஸ்காரரு. இனி நாம எங்க பாக்கப் போறோம்? உங்ககிட்ட நடந்ததச் சொல்றேன். ஆனா முழுசாக் கேக்கோணும். பாதியில தீர்ப்புச் சொல்லக் கூடாது.

என்ற மாப்பிள்ளை பேரு மகுடீஸ்வரன். கோகிலவாணிக்கு மாப்பிள்ளை பாத்தப்போ நான் எலக்ட்ரிசிட்டி ஆபீசுல ஒரு பையனப் பேசி வெச்சிருந்தனுங்க. கவர்மெண்டு உத்தியோகம். இந்தப் புள்ள என்னடான்னா இவரப் புடிச்சிருக்குதுன்னுட்டா. டிப்ளமோ படிச்சுட்டு, ரோடு போடற கம்பெனியில சைட் சூப்பர்வைசரு. ரோடு போடறவரு! தலைக்கு ஒரு மஞ்சத் தொப்பி, ஒடம்புக்கு ஒரு பச்சைச் சட்டை, மூஞ்சி கரிக்கட்டையாட்டம். ஒறம்பரைங்க, சொந்தபந்தம் கேட்டா நான் இஞ்சினியருன்னு சொல்லி வெச்சனுங்க. கல்யாணமாகி ரெண்டாவது வருசம், எங்க போயி வேலை பாக்கறாரு தெரியுங்களா? இதே ரோட்டுல. இதே எடத்துல. நான் நாளுக்கு நாலு தடவை போறேன், வர்றேன், அவரு வெயில்ல நிக்கறாரு.

நான் நிறுத்த மாட்டனுங்க. ஹாரன் மட்டும் அடிப்பேன். வண்டியில ஆளு இருக்கும், இவருதான் என்ற மாப்பிள்ளைன்னு காட்டறதுக்கு எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். அவரு கையத் தூக்கிக் கும்புடுவாரு. சவாரிக்காரரு யாருங்க அதுன்னு கேப்பாங்க. தெரிஞ்ச பையன்னு சொல்லுவேன்.

நோம்பி நாளுல, தீபாவளி பொங்கலுக்கு அவரு வீட்டுக்கு வந்தா உடுவனா? நாலு பேரு முன்னால கேப்பேன், ஏனுங்க மாப்பிள்ளை, உங்க ரோடு என்ற பேத்தி கல்யாணத்துக்குள்ள முடிஞ்சுருமான்னு. எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் சிரிப்பாரு. ஒரு நாள் உக்கார வெச்சுச் சொன்னாரு, மாமா, தார் ரோடு மாதிரி இல்ல இது, சிமெண்டு ரோட்டப் போட்டதும் வண்டி உடக் கூடாது, சாக்கு விரிச்சு, தண்ணி ஊத்தி, இருவத்தெட்டு நாள் காப்பாத்தோணும், பிள்ளை பெத்த ஒடம்பாட்டம்னு. நான் என்ன சொன்னேன்? உங்க கம்பெனிக்குத் தூங்கறதுக்கு ஒரு சாக்கு கெடைச்சுதுன்னு சொன்னேன். என்ற சம்சாரம் ருக்குமணி அடுப்படியில இருந்து மொறைச்சா. எனக்கு அதெல்லாம் கண்ணுல படாது.

ஆனா ஒண்ணு சொல்லோணும். ரோடு வர வர, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது வந்துச்சுங்க. இந்த எடத்துல சிமெண்டு போட ஆரம்பிச்சப்போ நான் வண்டியக் கொஞ்சம் மெதுவா ஓட்டிப் பாத்துட்டுப் போவேன். நூல் புடிச்ச மாதிரி இருக்கும். மேல சீப்புல சீவுன மாதிரி கோடு கோடா. டீக்கடையில ஒருத்தன், இந்தப் பகுதியில மட்டும் வேலை நல்லா இருக்குதப்பா, யாரோ சூப்பர்வைசரு கெடுபிடியான ஆளாம்னான். அவன் குடிச்ச டீக்கும் நானே காசு குடுத்துட்டு வந்தேன். ஆனா அத அவருகிட்டச் சொல்லியிருக்கறனா? இல்ல. மாமனாரு போயி மாப்பிள்ளைய நேர்ல மெச்சறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. அப்புறம் அவரு தலையில ஏறி உக்காந்துக்குவாரு.

போன வருசம் ஆயுத பூசைக்கு முந்தின வாரம் இந்த வண்டிய வாங்குனனுங்க. இதே வண்டிதான், நீங்க உக்காந்திருக்கறது. செகண்டுன்னாலும் முத்து மாதிரி வண்டி. பழைய வண்டிக்கு மூணு எடத்துல ஒட்டுப்போட்டு ஓட்டுனவனுக்கு இது தேரு. பூசைக்கு வண்டியக் கழுவி, சந்தனம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் எடுத்து வெச்சாச்சு. நெறைய பேரு வீட்டு வாசல்லயே பழத்த நசுக்கிட்டுப் போயிருவாங்க. எனக்கு அன்னிக்கு ஒரு யோசனை வந்துச்சு. நம்ம மாப்பிள்ளை போட்ட ரோடு. இன்னும் ஒரு வண்டி ஏறலை. மொத வண்டி ஏன் மாமனாரு வண்டியா இருக்கக் கூடாது? மந்திரி வந்து ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாலயே, பூசணிக்காய் ஒடைச்சு, சூடம் காட்டி, நாம போயி எறங்கீட்டம்னா? அவரு மேல எனக்கு எத்தன மரியாதைன்னு அவரு அப்பத் தெரிஞ்சுக்குவாரில்ல? வாயால சொல்றதுக்கு வழக்கமில்ல, வண்டியால சொல்லலாமில்லீங்களா?

நல்ல நேரம் பத்தரைக்கு. நானும் ருக்குமணியும் வந்து சேந்தப்போ இங்க ஒரு ஈ காக்கா இல்லீங்க. பூசையன்னிக்கு வேலைக்காரங்க எல்லாம் அவங்க மிசினுக்குப் பொட்டு வெக்கறதுக்குக் கேம்ப்புக்குப் போயிட்டாங்க. குறுக்கால ரெண்டு டிரம்மு, நடுவால ஒரு கயிறு. வெறும் கயிறு சார்! இத்தன கோடி ரூவா ரோடு, ஒரு சங்கிலி போட்டுப் பூட்டு போட வேண்டாமா? ஒரு வாட்ச்மேன் வேண்டாமா? நானே கயித்த அவுத்து, டிரம்ம உருட்டி ஓரமா வெச்சேன். உள்ள ரோடு பூராம் ஈரச் சாக்கு விரிச்சிருந்துச்சு. ருக்குமணி சொன்னா, ஏனுங்க, சாக்கு போட்டிருக்குதே, போலாமுங்களான்னு. நான் சொன்னேன், சாமி தேர் வர்ற பாதையில தண்ணி தெளிக்கறதில்லையாடி, அது மாதிரி நெனச்சுக்கோன்னு.

அன்னிக்கு விடியக்காலம்தான் அந்த நாப்பது மீட்டரையும் போட்டுட்டுப் போயிருக்கறாங்க. எனக்கு எப்புடித் தெரியும்? நோம்பி நாளும் அதுவுமா எவனாவது கான்கிரீட்டு போடுவானா? போட்டிருக்கறாரு, என்ற மாப்பிள்ளை. நோம்பிக்கு லீவு உட்டா நாள் தள்ளிப் போயிரும், மாமா கேலி பேசுவாருன்னு, ராவோட ராவா ஆள வெச்சு முடிச்சுட்டுப் போயிருக்கறாரு. இது எனக்கு அப்புறம் கோகிலவாணி சொன்னது.

டயர் வர்ற எடமாப் பாத்து ஓரத்துச் சாக்கு மேல நாலு பழத்தையும் வெச்சுட்டு வண்டிய எடுத்தேன். எலுமிச்சம்பழம் டப்புனு நசுங்கோணுமில்லீங்களா? நசுங்கலை. உள்ள போயிருச்சு. நாலு பழமும். எனக்கு அப்பவும் ஒறைக்கலை. சாக்கு ஈரத்துல வழுக்குதுன்னு நெனச்சு, கீர மாத்தி ஒரு அழுத்து அழுத்துனேன். வண்டி நேராப் போகாம, சேத்துல எருமை எறங்குற மாதிரி அப்புடியே எறங்குச்சுங்க. சாக்கெல்லாம் சக்கரத்துல சுத்திக்கிச்சு. எறங்கிப் பாக்கலாம்னு கால வெச்சா, செருப்பு மாட்டிக்கிச்சு. ருக்குமணி கையில சூடத் தட்டோட வண்டிக்குள்ளயே உக்காந்து, முருகா முருகாங்கறா. அப்பவாச்சும் திரும்பியிருக்கோணும். நான் என்ன பண்ணேன்? வந்தது வந்தாச்சு, பூசைய நிறுத்துனா ஆகாதுன்னு அந்தப் பூசணிக்காயத் தூக்கி, குங்குமம் தடவுனது, நடு ரோட்டுல ஓங்கிப் போட்டு ஒடைச்சேன்.

வாய மூடிக்கிட்டுச் சிரிங்க சார், பரவால்ல.

எப்புடியோ பின்னால முன்னால எடுத்து, டிராக்டர்காரன் ஒருத்தனக் கும்புட்டு, கயிறு கட்டி இழுத்து, வீடு போயிச் சேந்தோம். டிரம்ம மறுபடியும் பழைய எடத்துல வெச்சுக் கயித்தக் கட்டீட்டுத்தான் வந்தேன். நான் ஒண்ணும் பொறுப்பில்லாதவன் இல்ல.

மக்யா நாள் விடிஞ்சதும் கம்பெனிக்காரங்க, ஆபீசருங்க, டெல்லியில இருந்து யாரோ கன்சல்டண்டு, எல்லாரும் வந்து நின்னாங்க. ரெண்டு சக்கரத் தடம், கைமொழம் பள்ளம். சிமெண்டுக்குள்ள எலுமிச்சம்பழத் தோலு, பூசணி வெதை, குங்குமம். அந்த டெல்லிக்காரன் நெஜமாவே பயந்துட்டானாம், யாரோ செய்வினை வெச்சிருக்கறாங்கன்னு. யாரு வேலைன்னு கேட்டிருக்கறாங்க. மாப்பிள்ளைக்குப் பாத்ததுமே தெரிஞ்சுருச்சு. செருப்பு கெடந்துச்சில்ல, அதுக்கு முந்தின தீபாவளிக்கு அவருதான் எனக்கு வாங்கிக் குடுத்தது. அத எடுத்துப் பையில போட்டுட்டு, நான்தான் பூசை போடச் சொன்னேன், வண்டி தவறுதலா ஏறிருச்சு, என்ற பொறுப்புதான்னு சொல்லீட்டாரு. வண்டி யாரு வண்டின்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலை.

எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலை. அதுதானுங்க எனக்குக் கோவம். வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தா, நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், தீந்துருக்கும். செருப்பத் தொடைச்சு, காயிதத்துல சுத்தி, கோகிலவாணிகிட்டக் குடுத்தனுப்பிச்சுட்டாரு.

அந்த நாப்பது மீட்டர ஒடைச்சு எடுத்தாங்க. எடுத்ததும், இது இப்புடின்னா மத்ததெல்லாம் எப்புடியோன்னு ரோடு பூராம் ஓட்டை போட்டுச் சோதிச்சாங்க. வேலைய நிறுத்துனாங்க. கம்பெனிக்கும் ஆபீசுக்கும் தகராறு, ஒருத்தன் மேல ஒருத்தன் கேசு. மாப்பிள்ளையக் கம்பெனி வடக்க தூக்கிப் போட்டுச்சு. ஏதோ ஒரு காடு, அங்க மலையக் கொடையறாங்களாம். புள்ளையும் பேத்தியும் கூடவே போயிட்டாங்க. இங்க டீக்கடையில, எவனோ ஒரு கூறுகெட்டவன் காயாத பச்சை ரோட்டுல வண்டிய உட்டுட்டானாம்ல, அவனால ஊரே சாவுதுன்னு பேசிக்கிட்டாங்க. நானும் அவங்களோட ஒட்டுக்கா உக்காந்து, ஆமாப்பா, அவன் வெளங்குவானான்னு சொன்னேன். பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? அந்த எடத்துல யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க.

சரி, ரோடு முடிஞ்சாத்தான வருவாங்க, முடிக்க வெப்போம்னு நான் எறங்குனேன். வேற எவனுக்கு இந்த அக்கறை இருக்குது சொல்லுங்க? திங்கக்கெழமை திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு. வெளிய மரத்தடியில மனு எழுதறவரு ஒருத்தரு இருக்கறாரு, ஆறுமுகப் பெருமாள்னு. நான் சொல்லச் சொல்ல நல்லா காரமா எழுதுவாரு. நான் அஞ்சாவதுங்க, எனக்குக் கையெழுத்து மட்டும்தான் சுத்தமா வரும். பதினோரு மனு! நாப்பது மீட்டரு ஏன் கெடக்குது, யாரு காரணம், காரணமானவங்க மேல நடவடிக்கை எடுக்கோணும்னு. எல்லாத்துக்கும் கடைசி வரி அதுதான்: காரணமானவர் யாராக இருந்தாலும் பாரபட்சமின்றி நடவடிக்கை எடுக்கவும். அந்த வரி எனக்கு ரொம்பப் புடிக்கும்.

பதினொண்ணாவது மனுவுக்குப் பதில் வந்துச்சுங்க. இதா, இந்தக் கவருதான். படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். 'தங்கள் மனு தொடர்பாக விசாரித்ததில், மேற்படி பகுதியில் புதிதாக இடப்பட்ட தளத்தின் மீது அனுமதியின்றி வாகனம் இயக்கப்பட்டதே காலதாமதத்திற்குக் காரணம் எனத் தெரிய வருகிறது. இதற்குப் பொறுப்பான தள மேற்பார்வையாளர் திரு. மகுடீஸ்வரன் என்பவரை இனி எந்த நெடுஞ்சாலைப் பணியிலும் அமர்த்தலாகாது எனப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. வாகனம் குறித்த விவரம் தங்களுக்குத் தெரிந்திருப்பின் பதினைந்து தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

ஆறு வருசமா ஒரு கல்ல நகத்தாத ஆபீசு. என்ற மனுவுக்கு மட்டும் எத்தன சுறுசுறுப்பு பாத்தீங்களா?

கோகிலவாணி போன் பண்ணுனா. அழுதிருந்தா எனக்குத் தாங்கியிருக்கும். அழுகலை. அப்பா, ஆபீசுல அத மறந்தே போயிருந்தாங்க, இந்த ரோட்டு வேலைய எடுத்த புதுக் கம்பெனிக்காரங்க இவர இங்கயே திருப்பிக் கூப்புட்டிருந்தாங்க, தைக்கு முன்னால வந்து அந்த நாப்பது மீட்டரையும் அவரு கையாலயே போட்டு முடிக்கறதுன்னு இருந்தாரு, உங்க மனுவால அத்தனையும் போச்சுன்னா. ஒண்ணாந் தேதியில இருந்து வேலையில்லையாமா. அப்புறம் சொன்னா, பேத்திக்கு இங்கயே பக்கத்துல ஒரு தட்டாங்கிட்டக் காது குத்திக்கறோம், நீங்க யாரும் வர வேண்டாம்னு. தாய்மாமன் மடி இல்லாம, யாரோ ஊரு பேரு தெரியாத ஒருத்தன் கடையில. போன வெச்சுட்டா. அன்னியிலிருந்து ருக்குமணி எனக்குச் சோறு போடறா, தண்ணி வெக்கறா, பேசறதில்ல.

அந்தக் கடுதாசி வந்து இன்னிக்குப் பதினஞ்சாவது நாளுங்க.

ஆறுமுகப் பெருமாள்கிட்டப் போலாம்னு பத்து நாளா நெனைக்கறேன். அந்த மரத்தடியில இதச் சொன்னா, பொழுது எறங்கறதுக்குள்ள சந்தை பூராம் சிரிக்கும். பதினோரு மனு எழுதுனதும் அவருதான். பன்னெண்டாவது இப்புடின்னா அவரு பேனாவே சிரிக்குமுங்க. அதான் கேக்கறேன். உங்க பாக்கெட்டுல பேனா இருக்குது. இதா, பேப்பர் என்கிட்ட இருக்குது. ஆபீசு வர்ற வழியில டவுன்லதான், அஞ்சு நிமிசம் நிறுத்திக் குடுத்துட்டு உங்களப் பழனியில எறக்கி உட்டுருவேன். எழுதறீங்களா?

பெரிய மனசுங்க. எழுதிக்கோங்க.

ஐயா, வணக்கம். மேற்படி பகுதியில் தடுப்பு என்று வைத்தது ரெண்டு டிரம்மும் ஒரு கயிறும் மட்டுமே. சங்கிலி இல்லை. பூட்டு இல்லை. காவலுக்கு ஆள் இல்லை. எழுதீட்டீங்களா? பச்சை ரோடு என்று எச்சரிக்கும் போர்டு இருந்தது, ஆனால் அது காத்துக்குச் சாய்ந்து பின்பக்கம் காட்டிக் கிடந்தது. நெசந்தானுங்க, கெடந்துச்சு. விடியக்காலம் கான்கிரீட்டு போட்டுவிட்டு நோம்பிக்குப் போனால் சனத்துக்கு எப்படித் தெரியும்? மேலும், மாற்றுப் பாதை அம்புகள் தவறாக உள்ளன. அதையும் எழுதுங்க, இதோட ஒட்டுக்கா வரட்டும். கொடி பிடிப்பவர்களுக்கு நல்ல போன் தரவும். புளியமரங்களை வெட்டினவர்கள் ஒரு மரமாவது நட்டார்களா? ராங் சைடில் வருபவர்கள் மேல் ஒரு கேசு போட்டதுண்டா? மேலும்...

என்ன சார்? பேப்பர் முடிஞ்சுதுங்களா? ஒரு பக்கம் பூராவுமா? இன்னும் விசயத்துக்கே வரலீங்களே.

திருப்புங்க. பின்பக்கம் எழுதலாமில்ல?

எழுதுங்க. மேற்படி வாகனத்தை... இருங்க. 'இயக்கியவர்' வேண்டாம், ஓட்டினதுன்னு எழுதுங்க. ஓட்டினது சின்னக்காட்டுவலசு நாச்சிமுத்து ஆகிய நான். கயிறை அவிழ்த்ததும் நான். மேற்படி மகுடீஸ்வரன் அன்றைக்கு அங்கே இல்லை. அவருக்கு இதில் யாதொரு சம்பந்தமும் கிடையாது. அவர் என் மருமகன். நல்ல வேலைக்காரர். நல்ல வேலைக்காரர்ங்கறத அடிக்கோடு போடுங்க சார். அவர் போட்ட ரோட்டைப் பெருமைப்படுத்தப் போய்...

வேண்டாம். பெருமையெல்லாம் வேண்டாம், அடிச்சுருங்க. புத்தி கெட்டுப் போய்ன்னு எழுதுங்க.

ஏனுங்க சார், எம்புள்ளைய வரச் சொல்லுங்கன்னு இதுல எழுத முடியுங்களா? ஆபீஸ் கடுதாசில அதெல்லாம் எழுதக் கூடாதுங்களா. சரி. சும்மா கேட்டேன். நான் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லீர்றேன். மொதல்ல மாப்பிள்ளைகிட்டப் பேசறேன். எடுப்பாருன்னு நெனைக்கறேன். அவரு எடுக்காம இருக்கற ஆளில்ல.

பச்சைக் கொடி காட்டீட்டான். பொறகால பஸ்ஸுக்காரன் அடிக்கறான் பாருங்க ஹாரன். அடிக்கட்டும். டேய், இருடா! ஒரு நிமிசம் பொறுத்தா உன்ற குடி முழுகாது! சார், கையெழுத்து எங்க, இந்த ஓரத்துலயா? நாச்சிமுத்து. லைசன்ஸ் நம்பரும் போட்டுர்றேன், அப்பத்தான் நான்தான்னு நம்புவாங்க.

குடுங்க, நானே வெச்சுக்கறேன். அந்த மொதப் பக்கத்த மட்டும் அடிச்சுராதீங்க சார். அதுவும் நெசந்தானுங்க.